ஜவ்வு கிழிந்த கதை

லஸ் நாகேஸ்வர ராவ் பார்க்கில் காலை ஆறு மணிக்குப் போய் ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அரசியல், சீசன் கச்சேரி, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை எல்லாம் ஒரு பத்து நிமிஷம்தான். அப்புறம் பேச்சு தானாக முட்டிக்கு வந்து சேரும்.

"என்ன சார், ஒரு வாரமா ஆளையே காணோம்?"

"முட்டில ஜவ்வு கிழிஞ்சுடுத்துங்கறா. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. ஆபரேஷன் பண்ணிக்கறதா வேண்டாமான்னுதான் யோசனை."

அதே நாள் சாயந்திரம் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போனால், அங்கே ஒரு பையன் நீ-கேப் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டால் அவனும் அதையேதான் சொல்வான். "ஜவ்வு கிழிஞ்சிருச்சுண்ணா."

அறுபத்தைந்து வயசுக்காரருக்கும் ஜவ்வு, இருபது வயசுக்காரனுக்கும் ஜவ்வு. வார்த்தை ஒன்றுதான். கிழிந்த சமாசாரம் பெரும்பாலும் ஒன்றில்லை. வைத்தியமும் ஒன்றில்லை. இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்தில் தேவையில்லாமல் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்களும் உண்டு. பண்ணிக்கொள்ள வேண்டிய நேரத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. அதனால் முதலில் முட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு தாம்பாளத்தின் மேல் இரண்டு தேங்காய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் முட்டி. கீழே கணுக்கால் பக்கம் போகும் எலும்பின் தலை தட்டை. மேலே தொடை எலும்பின் முனை இரண்டு உருண்டை. இடுப்பில் இருப்பது போலக் கிண்ணத்துக்குள் பந்து என்ற வசதியெல்லாம் இங்கே கிடையாது. தேங்காய் உருண்டு ஓடாமல் இருக்க இரண்டு ஏற்பாடு. ஒன்று, பானைக்கு அடியில் பிரிமணை வைப்பார்களே, அது மாதிரி பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள். மெனிஸ்கஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் பிறை நிலா என்று அர்த்தம். இன்னொன்று, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் உள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருக்கும் இரண்டு கயிறுகள். சிலுவை மாதிரி குறுக்கே போவதால் சிலுவைத் தசைநார். முன்னால் இருப்பது ஏ.சி.எல்., பின்னால் இருப்பது பி.சி.எல்.

பார்க் மாமாவுக்குக் கிழிந்தது பெரும்பாலும் பிரிமணை. மைதானத்துப் பையனுக்கு அறுந்தது பெரும்பாலும் கயிறு. இரண்டையும் நாம் ஜவ்வு என்றே சொல்லி வைத்திருக்கிறோம்.

கயிறு இருக்கிற விஷயம் ரொம்பப் பழைய காலத்திலேயே தெரியும். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த காலன் என்ற வைத்தியர் இந்தச் சிலுவைக் கயிறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மனுஷர் அதற்கு முன்னால் பெர்கமம் நகரத்தில் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். முட்டி பிசகினவர்களுக்கு அங்கே என்ன பஞ்சம்! ஆனால் தெரிந்திருந்ததே தவிர, அதை யாரும் தைத்துப் பார்க்கவில்லை. அதற்கு இன்னும் ஆயிரத்தெழுநூறு வருஷம் ஆக வேண்டியிருந்தது.

*

முட்டி ஆபரேஷன் என்றால் நமக்கு விளையாட்டு வீரர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஆனால் அதன் சரித்திரத்தைத் தொடங்கி வைத்தவர்கள் வீரர்கள் இல்லை. சுரங்கத் தொழிலாளிகள்.

பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கூரை தாழ்வு. முழு நேரமும் மண்டியிட்டு, குந்தி உட்கார்ந்து, திரும்பித் திரும்பி வெட்ட வேண்டும். முட்டி என்னத்துக்கு ஆகும்? 1883-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் என்ற சர்ஜன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் முட்டியைத் திறந்து, விலகிக் கிடந்த பிரிமணையை இழுத்து வைத்துத் தைத்தார். முட்டிக்குள் கத்தி வைப்பது என்பது அன்றைக்குச் சாதாரணக் காரியம் இல்லை. ஆண்டிபயாடிக் வர இன்னும் பல பத்து வருஷம் இருந்தது. சீழ் வைத்தால் கால் போகும், சில சமயம் உயிரும் போகும். இந்த ஆசாமி பிழைத்தார், சுரங்கத்துக்கே திரும்பப் போனார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மேயோ ராப்சன் என்பவர் இன்னொரு சுரங்கத் தொழிலாளியின் முட்டியைத் திறந்தார். வயசு 41. மேலே மண் சரிந்து விழுந்து, முட்டிக்குள் இரண்டு சிலுவைக் கயிறும் அறுந்திருந்தது. ராப்சன் அவற்றை அந்தந்த இடத்திலேயே தைத்தார். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த ஆள் நொண்டாமல் நடந்தார், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 1903-ல் ராப்சன் இதை எழுதி வெளியிட்டார்.

ஆக, தைத்தால் போதும், ஒட்டிக்கொள்ளும் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எழுபது எண்பது வருஷம் ஓடியது.

1959-ல் சீர்காழியில் நாடக மேடையில் எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. படப்பிடிப்பெல்லாம் நின்றது. ஆனால் எலும்பு கூடியது, அவரும் திரும்பி வந்து கத்திச் சண்டை போட்டார். எலும்பின் குணம் அது. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டும். அந்த ரத்தக் கட்டியின் மேல்தான் புது எலும்பு வளரும். நம் ஊரில் புத்தூர் கட்டு இத்தனை பேர் போனதற்கும் இதுவே ஒரு காரணம். அசையாமல் நேராக வைத்துக் கட்டினால் பாதி வேலையை எலும்பே பார்த்துக்கொள்ளும்.

முட்டிக்குள் இருக்கிற கயிற்றுக்கு அந்த பாக்கியம் இல்லை. அது மூட்டு நீருக்குள் இருக்கிறது. அறுந்த இடத்தில் ரத்தம் கட்டி நிற்க அந்த நீர் விடாது. அடித்தளமே இல்லாமல் கட்டடம் எப்படி எழும்பும்? அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் இளம் கேடட்டுகளுக்கு அறுந்த ஏ.சி.எல்.லை அப்படியே தைத்துப் பார்த்தார்கள். 1972-ல் முதல் அறிக்கை, ரிசல்ட் பிரமாதம். 1976-ல் அதே டாக்டர்கள் ஐந்து வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு முட்டி மறுபடியும் நழுவிக்கொண்டிருந்தது. தாங்கள் செய்தது தேறவில்லை என்று தாங்களே எழுதினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட் வைக்க வேண்டும்.

பிரிமணையின் கதை இதைவிட மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சில பெரிய உடற்கூறு மேதைகள், மெனிஸ்கஸ் என்பது ஏதோ பழைய தசையின் மிச்சம், உபயோகமில்லாதது என்று எழுதி வைத்துவிட்டார்கள். குடல்வால் மாதிரி. அப்புறம் என்ன? கிழிந்ததா, முழுசாக எடுத்துத் தூரப் போடு. இதுதான் பல பத்து வருஷம் வைத்தியம். 1948-ல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் டாக்டர், அப்படி எடுத்தவர்களின் எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி குறைந்திருந்தது. தேங்காயின் உருண்டை தட்டையாகியிருந்தது. பிரிமணையை எடுத்தால் பானை தரையில் தேய்கிறது. பாட்டிக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் முழுசாக எடுக்கிற பழக்கம் எழுபதுகள் வரை நிற்கவில்லை.

*

இந்தக் கதையில் அடுத்த திருப்பம் ஐரோப்பாவில் இல்லை. ஜப்பானில்.

ஜப்பான்காரர்களும் நம்மைப் போலத் தரையில் உட்காருகிறவர்கள். மண்டியிட்டு உட்காருவது அங்கே மரியாதை. அந்தக் காலத்தில் எலும்புக் காசநோய் வந்து முட்டி மடங்காமல் போனவர்கள் அங்கே ஏராளம். நாற்காலியில் உட்காருகிற வெள்ளைக்காரனுக்கு முட்டி மடங்காவிட்டால் அசௌகரியம். தரையில் உட்காருகிறவனுக்கு வாழ்க்கையே போச்சு. சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பூஜை வரைக்கும் எல்லாவற்றிலிருந்தும் அவன் தள்ளி நிற்க வேண்டும். கலாக்ஷேத்ரா திண்ணையில் அரைமண்டி போடும் குழந்தைகளையும், பங்குனி உற்சவத்தில் கபாலியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளையும் பார்க்கிற மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் முட்டியைக் கிழித்துத் திறக்கக் கூடாது. என்ன செய்வது? 1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற பேராசிரியர் மூத்திரப்பையைப் பார்க்க உதவும் குழாயை எடுத்து, ஒரு பிரேதத்தின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே தெரிந்தது. அதற்கும் ஆறு வருஷம் முன்னால், 1912-ல் டென்மார்க்கைச் சேர்ந்த நார்டன்டாஃப்ட் என்பவர் பெர்லின் மாநாட்டில் இதே மாதிரி ஒன்றைப் பற்றிப் பேசியிருந்தார். ஆனால் விடாப்பிடியாகப் பல வருஷம் கருவியை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவர் தகாகிதான்.

அவருடைய சீடர் மசாகி வதனபே. யுத்தம் முடிந்து நொறுங்கிக் கிடந்த ஜப்பானில், ஒன்றன் பின் ஒன்றாக மாடல் செய்துகொண்டே போனார். ஐம்பதுகளின் கடைசியில் வந்த மாடலுக்கு 21-ம் நம்பர் என்றே பெயர். நுனியில் சின்ன பல்பு. அது முட்டிக்குள் உடைந்து விழுந்தால் என்ன ஆவது என்ற பயத்தோடேயே வேலை செய்தார்கள். 1962 மே மாதம் வதனபே அந்தக் குழாய் வழியாகவே பார்த்து, கிழிந்த பிரிமணையில் கிழிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். உலகத்தில் முதல் தடவை. நோயாளி, கூடைப்பந்து ஆடும்போது முட்டியைத் திருகிக்கொண்ட 17 வயசுப் பையன். ஆறு வாரத்தில் அவன் திரும்ப மைதானத்துக்குப் போய்விட்டான்.

அந்தப் பையனின் வயசை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குக் கனடா அணியோடு போன ராபர்ட் ஜாக்சன் என்ற டாக்டர், வதனபேயிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு டொரன்டோவுக்கு எடுத்துப் போனார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கு அடையாறிலும் தி.நகரிலும் "கீ-ஹோல் சர்ஜரி" என்று போர்டு தொங்குகிறதே, அதன் தாத்தா அந்த 21-ம் நம்பர்தான்.

கயிற்று விஷயத்துக்கும் விடை கிடைத்தது. தைத்தால் ஒட்டாது, புதுக் கயிறு கட்ட வேண்டும். இந்த யோசனை புதுசில்லை. 1917-லேயே பிரிஸ்டலில் ஹே க்ரோவ்ஸ் என்ற சர்ஜன், நோயாளியின் தொடையிலிருந்தே ஒரு பட்டையை உரித்து, எலும்பில் துளை போட்டு அதன் வழியே இழுத்துக் கட்டியிருந்தார். இன்றைக்கும் தத்துவம் அதுதான். முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் நடுப்பட்டையை எடுக்கிறார்கள். இல்லையென்றால் தொடைக்குப் பின்னால் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் நாண்களை எடுத்து மடித்து முறுக்காக்குகிறார்கள். எலும்பில் சுரங்கம் போட்டு உள்ளே இழுத்து இரண்டு முனையையும் இறுக்குகிறார்கள். எல்லாம் டி.வி. திரையைப் பார்த்தபடியே. 1980-ல் இங்கிலாந்தில் டேவிட் டாண்டி முதல் முறையாகக் குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே இப்படி ஒரு கயிறு கட்டினார். அவர் உபயோகித்தது கார்பன் ஃபைபர். கேட்க ஜோராக இருந்தது. ஆனால் பலருக்கு உள்ளே நார் நாராகப் பிய்ந்து, கறுப்புத் துகள் மூட்டெல்லாம் அப்பிக்கொண்டது. எண்பதுகளில் வந்த மற்ற செயற்கைக் கயிறுகள் பலவும் இப்படித்தான் காலை வாரின. கடைசியில் சொந்த உடம்பின் நாணே மேல் என்று திரும்பி வந்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2000-ல் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டியில் டாக்டர் சித்தரஞ்சன் ரனாவத் செய்தாரே, அது வேறு. அது தேய்ந்த முட்டியை மாற்றி உலோகமும் பிளாஸ்டிக்கும் வைப்பது. நாம் பேசுவது ரிப்பேர். அது ரீப்ளேஸ்மென்ட்.

*

சரி, ரிப்பேர் பண்ணினால் தேறுமா? காமர்ஸ் படித்தவனுக்கு வரவு செலவு பார்க்காமல் தூக்கம் வராது. பார்த்துவிடலாம்.

முதலில் வரவு. பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பரில் முட்டிச்சில்லுத் தசைநாணில் காயம், ஆபரேஷன். 2000 ஏப்ரலில் திரும்பி வந்தார். மைதானத்தில் இறங்கி ஆறாவது, ஏழாவது நிமிஷம், யாரும் தொடாமலே சுருண்டு விழுந்தார். நாண் முழுசாகப் பிய்ந்துவிட்டது. ஆள் அவ்வளவுதான் என்றார்கள். 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் போட்டார், அதில் இரண்டு ஃபைனலில்.

ஆனால் எல்லாரும் ரொனால்டோ இல்லை. ஏ.சி.எல். கட்டிக்கொண்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைத் திரட்டி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினவர்கள் நூற்றுக்கு 81. அடிபடுவதற்கு முந்தைய லெவலுக்குத் திரும்பினவர்கள் 65. போட்டி விளையாட்டுக்குத் திரும்பினவர்கள் 55. டாக்டர் செய்வது ஒரு மணி நேரத்து வேலை. மீதி ஒன்பது மாசமோ ஒரு வருஷமோ பிசியோதெரபி. அவசரப்பட்டு முன்னாலேயே இறங்கினால் கயிறு மறுபடி அறுகிற ஆபத்து அதிகம்.

ஆபரேஷனே இல்லாமல் முடியுமா? ஸ்வீடனில் புதுசாக ஏ.சி.எல். அறுந்த 121 இளைஞர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு உடனே ஆபரேஷன், பயிற்சி. இன்னொரு கட்சிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் ஆபரேஷன். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டாவது கட்சியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கத்தியே படாமல் ஓட்டிவிட்டார்கள். இரண்டு கட்சிக்கும் முட்டி நிலைமையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பார்க் மாமாவுக்கு வருவோம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் தேய்மான முட்டிக்காரர்கள் 180 பேரை வைத்து ஒரு பரீட்சை, 2002-ல் முடிவு வெளியானது. சிலருக்கு உள்ளே குழாய் விட்டுக் கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நோயாளிகளின் சம்மதத்தோடுதான். யாருக்கு எது என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து மூன்று குரூப்பும் ஒரே மாதிரி இருந்தது! 2013-ல் ஃபின்லாந்தில் 146 பேர். வயசால் கிழிந்த பிரிமணையை வெட்டினதற்கும், வெட்டுவது போல நடித்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வயசானால் முகத்தில் சுருக்கம் விழுகிற மாதிரி பிரிமணையிலும் கிழிசல் விழும். ஸ்கேனில் தெரிகிற கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. முட்டி மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் சங்கதி வேறு. மற்றபடி தொடைத் தசைக்குப் பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, கொஞ்சம் பொறுமை. முதலில் இதைத்தான் சொல்கிறார்கள்.

*

இப்போது செலவுப் பக்கம். இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மெரினாவைப் பார்த்தபடி நிற்கிறது ராணி மேரி கல்லூரி. 1914-ல் தொடங்கினது. 2022-ல் அங்கே முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த 17 வயசுப் பெண், கால்பந்து வீராங்கனை. முட்டியில் ஜவ்வு கிழிந்தது. நவம்பர் 7-ம் தேதி பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் கீ-ஹோல் ஆபரேஷன். கயிறோ பிரிமணையோ அதில் பிரச்னை இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சுற்றின கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டம் நின்றது. சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்குக் கொண்டு வந்து காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் பரவியிருந்தது. நவம்பர் 15-ம் தேதி அந்தப் பெண் இறந்துபோனாள். இறுக்கமான கட்டுதான் காரணம் என்று சுகாதார அமைச்சரே சொன்னார். இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

ஊரே கொதித்தது. அதுவும் நியாயம்தான். ஆனால் என்னை உறுத்துகிற சரித்திரம் ஒன்று இருக்கிறது. 1881-ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் வான் வோல்க்மன் என்ற சர்ஜன் ஒரு கட்டுரை எழுதினார். கட்டை இறுக்கிப் போட்டால் ரத்தம் போகாமல் தசை செத்துப்போகும், கை கால் வீணாகும் என்பது அதன் சாரம். அனன்டேல் முதல் முட்டியைத் தைப்பதற்கும் இரண்டு வருஷம் முன்னால். அதாவது முட்டி ஆபரேஷன் பிறப்பதற்கு முன்பே கட்டைப் பற்றிய எச்சரிக்கை பிறந்துவிட்டது. வைத்தியக் கல்லூரியில் அவர் பெயரைப் படிக்காமல் யாரும் பாஸ் பண்ண முடியாது.

குழாய், கேமரா, ஸ்க்ரூ எல்லாம் வந்தாச்சு. ராத்திரி வார்டில் படுத்திருக்கிற பிள்ளை "கால் மரத்துப்போச்சு, வலி தாங்கல" என்று சொல்கிறபோது, ஒருத்தர் எழுந்து வந்து கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் எந்த மெஷினும் வரவில்லை. ரத்தம் போகாத தசை தாங்குகிற நேரம் சுமார் ஆறு மணி. அதற்குள் பார்த்தாக வேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டிலும் யாருக்காவது ஜவ்வு கிழிந்தால், "எந்த ஜவ்வு டாக்டர், கயிறா, மெத்தையா?" என்று முதலில் கேளுங்கள். "ஆபரேஷன் இல்லாமல் மூணு மாசம் பயிற்சி பண்ணிப் பார்க்கலாமா?" என்று இரண்டாவதாகக் கேளுங்கள். ஆபரேஷன்தான் என்று முடிவானால், "ராத்திரி யார் வந்து பார்ப்பாங்க?" என்று மூன்றாவதாகக் கேளுங்கள். அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், கால் விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா, சில்லிட்டிருக்கிறதா, மாத்திரை போட்டும் வலி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் சத்தம் போடட்டும். நர்ஸ் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

1962-ல் டோக்கியோவில் ஒரு 17 வயசுப் பையன் ஆறு வாரத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். அறுபது வருஷம் கழித்து, அதைவிட நல்ல கருவிகள் இருந்த நம் ஊரில், ஒரு 17 வயசுப் பெண் எட்டு நாளில் போய்விட்டாள்.

நடுவில் நாம் கற்றுக்கொண்டது நிறைய. மறந்தது ஒன்றே ஒன்று.